காத்துக்குக் கைப்பெட்டி

வாலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அந்தப் பெட்டிய மெதுவா வையி. ஒடஞ்சுதுன்னா ஒரு ஜோடி காளை வெலை போயிரும்.

துப்பாக்கிய டெக்சாஸ்ல பூட்டி வச்சிட்டு, காத்தளக்குற மெஷின மட்டும் லீவுக்குக் கூட்டியாந்திருக்க. கெட்டிக்காரன். உள்ள என்னென்ன வச்சிருக்க, காட்டு. கையில புடிச்சா விசிறி சுத்துற மெஷின் ஒண்ணு. அது சொல்லுறத வாங்கிக் கணக்குப் போட போன்ல ஒரு ஆப். மெஷின நிறுத்த முக்காலி. முக்காலிக்குத் தனியா ஒரு பை. அந்தப் பைக்கு ஒரு உறை. இம்புட்டையும் விரிச்சு வச்சு நீ சுடுறதுக்குள்ள ஆடி போயி ஆவணி வந்துருமேலே!

சரி, காலையில களத்துல நின்னு அளந்தியே, என்ன சொல்லுச்சு? 7.3 மைலா? 284 டிகிரியா? புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு மூணு வேற. நீ அத வாய்விட்டு வாசிச்சு முடிக்கும்போது காத்து அஞ்சுக்கு எறங்கி ஒம்பதுக்கு ஏறிருக்கும். அதுவும் எங்க உள்ள காத்து? ஓம் மூக்குக்கு முன்னால உள்ள காத்து. குண்டு போயிச் சேர வேண்டியது 1000 கெசத்துக்கு அந்தப் பக்கம். வழியில ஒரு ஓடை கெடக்கும். ஒரு மேடு இருக்கும். வரிசையா வேலிக்கருவை நிக்கும். அங்கன வீசுற காத்து ஓங்கிட்டக் கேட்டுட்டா வீசும்?

நானும் பட்டாளத்துல இருந்தவன்தான். சாந்துமாரின்னு சொல்லுற சுடுகளத்துல வயித்த அமுக்கிக் குப்புறக் கெடந்தவன்தான். எங்க காலத்துச் சாமான் த்ரீ நாட் த்ரீ. அதுல ஒரு வேடிக்கை உண்டு. மொதல்ல வந்த மார்க் 3 துப்பாக்கிக்குப் பின்சைட்டுல காத்துக்குன்னே ஒரு திருகு இருந்துச்சு. இடத்துக்கும் வலத்துக்கும் நவுத்திக்கிடலாம். மொதல் உலகச் சண்டை வந்துச்சு. வேகமாச் செய்யணும், நெறையச் செய்யணும். 1916-ல வெள்ளைக்காரன் அந்தத் திருகத் தூக்கி எறிஞ்சிட்டான். காத்தடிச்சா சிப்பாய் என்ன செய்வான்? குறியத் தள்ளி வையின்னான். எம்புட்டுத் தள்ளி? அதச் சொல்ல மெஷின் தரல. கண்ணும் காதும் உள்ளவனாப் பாத்துப் பட்டாளத்துக்கு எடுத்திருக்கோம்லான்னு விட்டுட்டான்.

ஓந் துப்பாக்கி .308தான? 175 கிரெயின் குண்டா? சரி. 10 மைல் வேகத்துல நேர் குறுக்க ஒரு காத்து அடிக்குன்னு வையி. 100 கெசத்துல குண்டு ஒரு அங்குலங்கூட நவுராது. 300-ல ஏழங்குலம் நவுரும். 600-ல ரெண்டரை அடி. 1000-ல எட்டடி! ஆறடி ஆள நிறுத்தி, பக்கத்துல அவன் மவனையும் நிறுத்துனாலும் ரெண்டு பேரையும் தாண்டிப் போயிரும். தூரம் பத்து மடங்குதான கூடுச்சு, தள்ளல் மட்டும் ஏன் நூறு மடங்கு கூடுச்சு? யோசிச்சியா, இல்ல அதையும் ஆப்கிட்ட விட்டுட்டியா?

களத்துல தூத்துறதப் பாத்திருப்ப. சொளவுல அள்ளி ஓங்கிப் புடிச்சுச் சரிச்சா மணி காலடியில விழும். பதர் அந்தாக்குல எட்டப் போயி விழும். ரெண்டுக்கும் ஒரே காத்துதான? மணி சடார்னு எறங்கிருது. பதரு தயங்கித் தயங்கி எறங்குது. தயங்குனத காத்து கொண்டு போயிருது. குண்டுக்கும் அதே கதைதான். கிளம்பும்போது விநாடிக்கு 2600 அடி. வழியில காத்துன்னு ஒண்ணே இல்லாத வெற்றிடமா இருந்தா 1000 கெசத்த 1.15 விநாடியில கடந்துரும். நெசத்துல ஏறக்கொறைய 1.7 விநாடி ஆவுது. நடுவுல அரை விநாடிச் சொச்சம் பிந்திருதுல்ல? அந்தப் பிந்துன நேரத்தக் குறுக்குக்காத்தோட வேகத்தால பெருக்கு. 10 மைல்னா விநாடிக்கு 14.7 அடி. பெருக்கிப் பாரு, எட்டடி வருதா? ஓன் ஆப் உள்ளுக்க உக்காந்து செய்யுறதும் இந்த மாதிரிக் கணக்குதான். நல்லாவே செய்யும். அதுல நான் குத்தம் சொல்லல. நீ என்னத்தப் போட்டியோ அதுக்கு விடை தரும். போடுறது தப்பாப் போட்டா, தப்ப மூணு புள்ளி சுத்தமாத் தரும்.

நீ போடுறதுலதாம்லே எல்லாம் கெடக்கு. வேகம் வேகம்னு அதையே கட்டிக்கிட்டு அழுவுத. தெசைய யாரு பாப்பா?

படுத்துக்கிட்டு ஓன் குறிய 12 மணின்னு வச்சுக்க. ஓங் காலு 6 மணி. வலப்பக்கம் 3, இடப்பக்கம் 9. இது ஒனக்குத் தெரியும். 12-ல இருந்தும் 6-ல இருந்தும் வாற காத்து குண்டப் பக்கவாட்டுல தள்ளாது, 3-ம் 9-ம் முழுசாத் தள்ளும். இதுவும் தெரியும். நடுவுல உள்ளதுதான் ஒனக்குத் தெரியாது. 45 டிகிரியில வந்தா பாதித் தள்ளல்னு நெனச்சுக்கிட்டிருக்க. அது பத்துக்கு ஏழு. பாதித் தள்ள 30 டிகிரி போதும், அதாவது 1 மணிக் காத்து. 2 மணிக்கு வந்துட்டா முழுசுல நூத்துக்கு 87 வந்துருச்சு.

இப்பப் பாரு கூத்த. அதே 10 மைல் காத்து 3 மணியில இருந்து வீசுது. கொஞ்சம் சாஞ்சு 2 மணிக்கு வந்துச்சு. எட்டடி தள்ளுனது ஏழடி தள்ளும். ஒரு அடி வித்தியாசம். அதே காத்து 12-ல இருந்து 1-க்குச் சாஞ்சா? ஒண்ணுமே இல்லாம இருந்தது நாலடி ஆச்சு. மனசு மாறி 11-க்குப் போனா அந்தப் பக்கம் நாலடி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டடி ஆட்டம். ஓன் மெஷின் விசிறி அப்பவும் 10 மைல்னு சொல்லும், இப்பவும் 10 மைல்னு சொல்லும். ரெண்டுமே நெசம். ரெண்டுலயும் குறி தப்பும்.

எதிர்காத்து ஒண்ணும் செய்யாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்காம். செய்யாதுதான். ஆனா எதிர்காத்து எந்த நாளுலே ஒரு எடத்துல ஒழுங்கா நின்னுருக்கு? இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் ஆடிக்கிட்டே கெடக்கும். வெள்ளைக்காரன் இதுக்கு மீன்வால் காத்துன்னு பேரு வச்சிருக்கான். பலமாக் குறுக்க அடிக்கிற காத்தக் கண்டு பயந்து ஓடுறவன், மூஞ்சியில ஜிலுஜிலுன்னு படுற காத்தக் கண்டு சிரிச்சுக்கிட்டே படுப்பான். போர்டப் போயிப் பாத்தா ரெண்டு பக்கமும் சிதறிக் கெடக்கும். துப்பாக்கி சரியில்லம்பான், குண்டு சரியில்லம்பான், மெத்தை சரியில்லம்பான். வலுத்த குறுக்குக்காத்தாவது எம்புட்டுத் தள்ளுவேன்னு யோக்கியமாச் சொல்லிட்டுத் தள்ளும்.

சரி, தெசைய எப்படிப் பாக்க? மெஷின கீழ வையி. கண்ண மூடு. காத்து வாற பக்கமா மூஞ்சியத் திருப்பு. ரெண்டு காதுலயும் இரைச்சல் ஒண்ணு போலக் கேக்குற வரைக்கும் தலைய நவுத்து. கேட்டுச்சா? மூக்கு எங்கன காட்டுதோ அதுதான் தெசை. காசு கேட்டுச்சா? பேட்டரி கேட்டுச்சா? புல்லக் கிள்ளிப் பறக்க விடுறதும் உண்டு. காஞ்ச புல்லத் தோளு உசரத்துல இருந்து விடு. விழுந்த எடத்த நேராக் கைய நீட்டிக் காட்டு. கைக்கும் ஒடம்புக்கும் நடுவுல எத்தனை டிகிரியோ அத 4-ஆல வகுத்தா மைல் கணக்குல வேகம். கொடிக்கும் இதே கணக்கு. கம்பத்துல இருந்து 60 டிகிரி தூக்கிப் பறந்தா 15 மைல். ஆனா எந்தக் கொடின்னு பாத்துக்க. நேத்து மழையில நனஞ்ச கொடி சோம்பேறி, 15 மைல் காத்துலயும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். புது நைலான் கொடி அலட்டல்காரன். இன்னொரு சூதும் இருக்கு. கொடி இடத்துக்குப் பறக்குதா வலத்துக்குப் பறக்குதான்னு தூரத்துல இருந்து தெரியும். ஒம் பக்கமாச் சாஞ்சு பறக்குதா, ஒன்ன விட்டு அங்கிட்டுச் சாஞ்சு பறக்குதான்னு சட்டுனு தெரியாது.

கொடி இல்லாத எடத்துல? பிரான்சிஸ் போபோர்ட்னு ஒரு கப்பக்காரன் 1805-லயே காத்துக்கு நம்பர் போட ஒரு பட்டியல் எழுதி வச்சான். துப்பாக்கிக்காரனும் அது மாதிரி ஒண்ணு வச்சிருக்கான். 3-ல இருந்து 5 மைல் வரைக்கும் கன்னத்துல லேசாத் தெரியும். 5-ல இருந்து 8-னா எல விடாம ஆடும். 8-ல இருந்து 12-னா புழுதியும் காயிதமும் கெளம்பும். அதுக்கு மேல 15 வரைக்கும் சின்ன மரம் ஆடும். நம்மூருல வேலிக்கருவை முள்ளுக்கு முள்ளு ஒரு கேரி பேக் மாட்டிக் கெடக்கே, அத விட நல்ல கொடி எந்த ஒலிம்பிக்குல இருக்கு?

கயத்தாறுப் பக்கம் பஸ்ஸுல போம்போது சன்னல் வழியாப் பாரு. காத்தாலை அத்தனையும் மூஞ்சிய ஒரே பக்கமாத் திருப்பிக்கிட்டு நிக்கும். ஆடியில அது மேக்க பாத்து நிக்கலன்னா ரிப்பேருன்னு அர்த்தம். ஆனா பத்திரம். அது உச்சியில உள்ள காத்து. தரையில கெடக்குற காத்து அதுக்குச் சொந்தக்காரன்தான், ஆனா அதே ஆள் இல்ல. ஓங் குண்டும் தரையோட ஊந்து போறது இல்ல. 1000 கெசம் போறதுக்கு நடுவழியில பத்துப் பன்னெண்டு அடி ஒசந்து போயிட்டுத்தான் எறங்கும். அங்கன காத்து எப்பவும் ஒரு பிடி கூடத்தான் இருக்கும்.

இப்ப நீ ஒரு கேள்வி கேக்கணும், கேக்க மாட்டேங்க. கிட்டக்க உள்ள காத்தா, எட்டக்க உள்ள காத்தா, எதப் பாக்க? கடைசியில குண்டு சோந்து போயிருது, அதனால குறிக்கிட்ட உள்ள காத்துதான் முக்கியம்னு டீக்கடையில எவனாவது சொல்லுவான். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா யோசி. மொதல்லயே ஒரு துளி தெசை மாறிட்டா, மிச்ச வழி பூரா அந்தத் துளி வளந்துக்கிட்டே போவும். கடைசியில தள்ளுனா வளர ஏது எடம்? ஒலிம்பிக்குல நடக்குற 50 மீட்டர் போட்டிக்கு எங்கன கொடி நட்டிருக்கான் தெரியுமா? 10 மீட்டர்ல ஒண்ணு, 30 மீட்டர்ல ஒண்ணு. 300 மீட்டர் போட்டிக்கு 50, 100, 200. குறிக்கிட்ட நடல. அந்த 50 மீட்டர் போர்டுல பத்துக்குப் பத்து வாங்குற வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு. அதுக்குக் குட்டி .22 குண்டு. சொல்லி வச்சுக்க, காத்துக்கு 1000 கெசம் வேணும்னு அவசியம் இல்ல.

என்ன சிரிக்க? கிட்டக் காத்துதான் முக்கியம்னா ஓன் மெஷின் சரிதானன்னு கணக்குப் போடுதியா? பாதிக்குச் சரி. ஆனா கிட்டக்கன்னா மொத 300 கெசம். ஓம் மூக்கு நுனி இல்ல. மெஷின் தொண்டைக்குழிக்குப் பக்கத்துல நிக்கிற காத்தத்தான் ருசி பாக்கும்.

வழியில உள்ள காத்த அப்படியே பாக்க ஒரே ஒரு வித்தை உண்டு. அதுக்கும் காசு இல்ல, வெயில் வேணும். அது நம்ம கரிசக்காட்டுல கொட்டிக் கெடக்கு. கானல்.

மத்தியானம் டெலஸ்கோப்ப எடுத்துக் குறியப் பாரு. நல்லாத் தெரியுற மாதிரித் திருகி வச்சிட்டு, பெறவு கொஞ்சம் பின்னால வாங்கு. குறி லேசா மங்கும். மங்கட்டும். குறிக்கும் ஒனக்கும் நடுவுல உள்ள கானல் தெளிஞ்சு வரும். வலத்த இருந்து இடத்துக்கு ஓடுதா? காத்து வலத்த இருந்து வருது. மெதுவா அலை அலையா ஓடுனா லேசான காத்து. வேகமா ஓடுனா வலுத்த காத்து. 12 மைலத் தாண்டிட்டா கானல் படுத்துரும், ஒரே நீட்டா ஓடும். அதுக்கு மேல 15-ஆ 20-ஆன்னு அதுகிட்டக் கேக்கப்படாது, கொடியத்தான் பாக்கணும்.

சில நேரம் எந்தப் பக்கமும் ஓடாம நேரா மேல் நோக்கிக் கொதிக்கும். அனுபவம் இல்லாதவன் காத்தே இல்லன்னு குதிப்பான். காத்து இல்லாமயும் இருக்கலாம். இல்ல, ஓங் குறிக்கு நேரா எதிரயோ முதுகுலயோ அடிச்சுக்கிட்டு இருக்கலாம். எதுன்னு எப்படித் தெரியும்? காதத் தீட்டு, எலயப் பாரு. இந்தக் கொதிப்ப வச்சே தெசையக் கண்டுபிடிக்கிற சூட்சுமம் ஒண்ணு இருக்கு. அதத்தான் ஓன் ஆப் சொல்லித் தரல. கானல் பக்கவாட்டுல ஓடுதுன்னா, டெலஸ்கோப்ப மெள்ள மெள்ளத் திருப்பு. ஓட்டம் கொறைஞ்சு, ஒரு எடத்துல நின்னு, கொதிக்க ஆரம்பிக்கும். டெலஸ்கோப் அப்ப எந்தப் பக்கம் பாக்குதோ அந்தக் கோட்டுலதான் காத்து வீசுது. எதுக்க வருதா பின்னால இருந்து வருதான்னு ஓங் கன்னமே சொல்லிரும். எத்தனை மணிக் காத்துன்னு தெரிஞ்சுபோச்சா? 284 டிகிரின்னு சொல்லத் தெரியாது. தேவையும் இல்ல.

காத்தக் கண்டுக்காமலே நடுவுல அடிச்ச ஒரே ஆள் எனக்குத் தெரிஞ்சு விக்டோரியா மகாராணிதான். 1860-ல விம்பிள்டன்ல துப்பாக்கிச் சங்கத்துக்காரன் போட்டி ஆரம்பிச்சப்ப அந்தம்மாவ மொதக் குண்டு சுடச் சொன்னான். விட்வொர்த் துப்பாக்கி, 400 கெசம். சங்கத்துக்காரன் துப்பாக்கிய முன்னாலயே ஒரு தாங்கியில முடுக்கிக் குறி வச்சிட்டான். அந்தம்மா வந்து கயித்த இழுத்தாங்க. நடுவுல இருந்து ஒண்ணேகால் அங்குலத்துல பட்டுச்சு. எல்லாரும் கை தட்டிருப்பான். தட்டாம முடியுமா? அதே போட்டி 1890-ல பிஸ்லிக்குக் குடி போச்சு. அங்கன 1200 கெசம் வரைக்கும் சுடுதான். கயிறு கெடையாது.

ஒனக்கு அமெரிக்காதான வேணும்? அமெரிக்காவுலயே சொல்லுதேன். ஒகாயோவுல கேம்ப் பெர்ரின்னு ஒரு மைதானம், ஏரி ஏரிக் கரையில. பேரே ஏரி, பாத்துக்க. ஏரிக்காத்துக்குக் கேக்கவா வேணும். 1921-ல ஜார்ஜ் ஃபார்னு 62 வயசுக் கெழவன் அங்க போயி, பட்டாளத்துக்காரன் குடுக்குற சாதாரண ஸ்பிரிங்ஃபீல்டத் தூக்கிக்கிட்டு 1000 கெசத்துல படுத்தாரு. ஒண்ணு மேல ஒண்ணா எழுபதுக்குக் குறையாம நடுக் கருப்புல அடிச்சாரு. கோப்பை வேற ஒருத்தன் கொண்டு போனான், டெலஸ்கோப் மாட்டுன துப்பாக்கிக்காரன். அதனால என்ன? கூட இருந்தவனெல்லாம் காசு போட்டு அந்தத் துப்பாக்கியவே வாங்கிக் கெழவன் கையில குடுத்துட்டான். 62 வயசு, கேட்டுக்க. நம்ம வீட்டுல 62 வயசுக்காரன் திண்ணையில இருந்து எந்திரிச்சா விழுந்துருவான்னு ரெண்டு பேரு கையப் புடிக்க வாறீங்க.

மெஷினத் தூரப் போடச் சொல்லல. அழுதுருவ. அதுக்கு ஒரு நல்ல வேலை இருக்கு. மொதல்ல மூஞ்சிய வச்சு, எலய வச்சு, கானல வச்சு நீயா ஒரு நம்பர் சொல்லு. பெறவு மெஷினப் பாரு. தினம் வயலுக்குப் போற வழியில செய்யி. வாத்தியார் கையில விடைத்தாள் இருக்கலாம், பரீட்சை எழுதுறவன் கையில இருக்கப்படாது. எது எப்படியோ, படுத்ததும் கொஞ்ச நேரம் சும்மா கெட. காத்து எந்த நெலையில அதிக நேரம் நிக்குதுன்னு பாரு. அந்த நெலைக்குக் கணக்குப் போட்டு வச்சிக்கிட்டு, அது வரும்போது மட்டும் சுடு. கொடி தொங்குதா, வெரல எடு. ஒரு மாசச் சம்பளத்த மெஷினுக்குக் குடுப்ப, ஒரு நிமிசம் காத்திருக்க மாட்டியா?

அப்படியும் சந்தேகம்னா, பிஸ்லியில மொதல்ல ரெண்டு சோதனைக் குண்டு குடுக்கான். அதச் சுட்டுப் பாரு. வழி பூரா உள்ள காத்த அளந்துட்டு வந்த மெஷின் அந்தக் குண்டு ஒண்ணுதான். இடப்பக்கக் காத்துல வலத்த தள்ளி, கொஞ்சம் எறங்கியும் பட்டிருக்கும். மூச்ச விட்டுட்டேன்னு தலையில அடிச்சுக்கிடாத. வலத்த சுத்துற குழலுல இடக்காத்து குண்டக் கொஞ்சம் கீழயும் அமுக்கும், வலக்காத்து தூக்கியும் விடும். ரெண்டாவதும் அங்கனயே பட்டுச்சுன்னா குறிய மாத்து, ஆப்ப மூடு. ஆனா ஒன்னய எனக்குத் தெரியாதா? குழல் இன்னும் சூடேறல தாத்தா, அந்த ரெண்டும் கணக்குல சேராதும்ப.

சரி சரி, அந்த மெஷின இங்கிட்டுக் குடு. விசிறி சுத்துதுல்ல, புழுக்கமா இருக்கு.